இரண்டு பொருளில் ஒரு பூச்சி

"ஏனுங்ணா, கோழி இறகைக் கட்டி எறிஞ்சா மீன் வந்து கடிக்குமுங்களா?"

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். மண்புழுவும் மைதா உருண்டையும் கோத்துக் குளத்தங்கரையில் ஜிலேபிக் கெண்டை பிடித்து வளர்ந்த கை. ஊட்டிப் பக்கம் யாரோ நீளக் கம்பைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கடிக்கும் என்றேன். இறகுகூட வேண்டியதில்லை, கொஞ்சம் கம்பளி நூலும் செப்புக் கம்பியும் போதும் என்றதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, மயிர், கம்பி என்று எதையாவது சுற்றி, மீன் தின்னும் ஒரு பூச்சியைப் போலவோ குஞ்சு மீனைப் போலவோ செய்துவிடுவதுதான் ஃப்ளை கட்டுவது. சாதாரணத் தூண்டிலில் இரைக்கும் ஈயக்குண்டுக்கும் கனம் இருக்கும். அந்தக் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்குக் கனம் ஏது? ஊதினால் மேசையை விட்டுப் பறந்துவிடும். அதனால் இங்கே கனத்தை நரம்பிலேயே வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நரம்பு அது. வீசினால் தன் கனத்திலேயே நீண்டு போய்த் தண்ணீரில் படுக்கும். அதன் முனையில் மெல்லிய நைலான், அதன் நுனியில் ஃப்ளை. வீசுவது தனி வித்தை, அதை இன்னொரு நாள் பேசலாம். கட்டிப் பழகுவதற்கு வீசத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இது வெள்ளைக்காரத் துரைமார் கண்டுபிடித்த விளையாட்டு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் மக்கெதோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்கள் செய்ததை எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் மேல் பறக்கும் ஒரு பூச்சியை அங்குள்ள மீன்கள் விரும்பித் தின்றன. அந்தப் பூச்சியைப் பிடித்து முள்ளில் கோத்தால் கை பட்டே நிறம் போய்விடுகிறது, உருவமும் குலைந்துவிடுகிறது. அதனால் அவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். முள், கம்பளி, சேவல் இறகு. இன்றைக்கும் சரக்குப் பட்டியலின் தலைப்பு அதுதான். மற்றதெல்லாம் பின்னால் சேர்ந்தது. சேர்ந்ததில் பாதி மீனுக்காக, மீதி மனிதருக்காக.

எது மீனுக்கு, எது நமக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பொழுதுபோக்கில் காசும் மிச்சம், கவலையும் மிச்சம். அதற்குக் கடைக்குப் போகும் முன் ஓடைக்குப் போக வேண்டும். வால்பாறையோ குன்னூரோ கொல்லிமலையோ, சலசலத்து ஓடும் குளிர்ந்த ஓடை ஏதாவது ஒன்றில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நகத்தளவு உயிர்கள் ஓடும். தட்டையாகக் கல்லோடு ஒட்டி, பின்னால் இரண்டோ மூன்றோ நீண்ட வால் இழை வைத்திருப்பது மேஃப்ளையின் இளம் பருவம், நிம்ஃப் என்பார்கள். அதன் வயிற்றின் இரு ஓரமும் துடித்துக்கொண்டே இருக்கும், செவுள் அங்கேதான். பக்கத்திலேயே மணலையும் சுள்ளித் துண்டையும் பசை போட்டு ஒட்டிய ஒரு சின்னக் குழாய் கிடந்தால், அதற்குள் கேடிஸ் புழு குடியிருக்கிறது என்று பொருள்.

மேஃப்ளை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கல்லுக்கடியில்தான் கழிக்கிறது. இறக்கை முளைத்து மேலே வந்தபின் அதற்கு வாய் கூட வேலை செய்யாது, தின்பதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, கூடி, முட்டையிட்டுச் செத்துவிடும். அப்படியானால் மீனுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சாப்பாடு எது? தண்ணீருக்கடியில் இருப்பதுதான். பத்திரிகை அட்டையில் வரும் படங்களெல்லாம் தண்ணீர் மேல் மிதக்கும் அழகான ஃப்ளையாக இருக்கும். மீனோ பெரும்பாலான நேரம் அடியில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தச் சாதாரண உண்மையை ஒப்புக்கொள்ளவே பெரிய சண்டை நடந்தது. தெற்கே சுண்ணாம்பு நிலத்தில் ஊறிவரும் தெளிந்த ஆறுகளில், மிதக்கும் ஃப்ளை மட்டுமே நாகரிகம் என்றது ஹால்ஃபோர்டின் கட்சி. 1886இல் அதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 1910இல் ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் அடித்தண்ணீர் ஃப்ளைக்காகப் புத்தகம் எழுதினார். இரு கட்சியும் பல்லாண்டு மோதிக்கொண்டன. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். அதே நாட்டில், மீன்பிடிச் சங்கங்களின் விருந்து மேசையில் இடமில்லாத ஒரு ஆற்றுக் காவலர் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

ஃபிராங்க் சாயர், பிறப்பு 1906. வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் மேல்பகுதியைப் பராமரிக்கும் வேலை. பாசி வெட்டுவது, சேறு வாருவது, மீன் முட்டையைக் காப்பது. நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். நீந்தும் நிம்ஃப் தன் கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது என்பதைக் கவனித்தார். ஆகவே தன் ஃப்ளைக்குக் காலே வைக்கவில்லை. அடுத்து நூலையும் தூக்கிப் போட்டார். மயிரிழை போன்ற செப்புக் கம்பியாலேயே கட்டினார். கம்பிதான் நூல், கம்பிதான் கனம், கம்பிதான் மார்புப் பகுதியின் புடைப்பு. அதன் மேல் ஃபெசன்ட் பறவையின் வாலிறகு இழை நான்கு. அவ்வளவுதான் உலகப் புகழ் பெற்ற 'ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப்'. 1958இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இன்று டிரவுட் என்ற குளிர்நீர் மீன் இருக்கும் எந்த நாட்டிலும் இதை வைத்திராத ஃப்ளைப் பெட்டி அரிது.

நமக்கு ஃபெசன்ட் கிடைக்காது. பரவாயில்லை, சாயரே இன்னும் எளிதான ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். பெயர் 'கில்லர் பக்'. கிரேலிங் என்ற மீனுக்காகச் செய்தது. டிரவுட் ஆற்றில் கிரேலிங் அதிகமானால் தொல்லை என்று கருதிய காலம் அது. குறைப்பதற்காக ஒரு ஃப்ளை தேவைப்பட்டது. அந்த ஆற்றில் கூனியைப் போல, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு சிற்றுயிர் ஏராளம். அதற்குப் பதிலியாக முள், கம்பி, சாக்ஸ் ஓட்டை தைக்கும் கம்பளி நூல், இந்த மூன்றைச் சேர்த்தார். முள்ளைக் கழித்தால் இரண்டே பொருள். நம் ஓடையில் இது குழாயை விட்டு வெளியே வந்த கேடிஸ் புழுவுக்குப் பொருந்தும். புதிதாகக் கட்டுபவருக்கு இதைவிட நல்ல முதல் ஃப்ளை எனக்குத் தெரியாது.

சரக்கு சேர்ப்போம். முள்ளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற முள் சிறிது. 10 அல்லது 12ஆம் எண் வாங்குங்கள். ஆரம்பத்திலேயே 18, 20 என்று போனால் கண்தான் வலிக்கும். கூர்முனைக்குக் கீழே மீன் நழுவாமலிருக்க ஒரு எதிர்முள் இருக்கும். அதைக் கட்டத் தொடங்கும் முன்பே குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைச் சேதமில்லாமல் விடலாம். உங்கள் கட்டைவிரலில் ஏறினாலும் டாக்டரிடம் போகாமல் கழற்றலாம்.

செப்புக் கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடை. 36 கேஜ் என்று கேளுங்கள். தடிமன் கிட்டத்தட்ட 0.19 மில்லிமீட்டர். பழைய ஃபேன் காயிலில் பிரித்ததைச் சும்மாவே கொடுப்பார்கள், ஆனால் வளைந்து முறுக்கேறிக் கிடக்கும். புதுச் சுருளில் கொஞ்சம் வாங்குவது நல்லது.

கம்பளியில்தான் ஏமாற்றம். கடையில் 'உல்லன்' என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு இழையைத் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி உருண்டு கெட்டியானால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது. குடித்தால்தான் ஃப்ளை மூழ்கும், நிறமும் மாறும். நிறம் மங்கலான பழுப்பு, லேசாகச் சாம்பல், ரோஜாவின் சாயை கொஞ்சம். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செப்புக் கம்பி சுற்றிய முள்ளில் நூலைச் சுற்றி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உலர்ந்தபோது சாக்குத் துணி நிறத்தில் இருந்தது நனைந்ததும் அடியில் இருக்கும் செம்பு தெரிய, உயிருள்ள தோல் மாதிரி இளஞ்சிவப்பாகும். எந்தப் பொருளானாலும் நனைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மீன் அதை உலர்ந்து பார்க்கப் போவதில்லை.

முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வைஸ் வேண்டும். இதற்கென்றே தாடை குறுகிய வைஸ் விற்கிறார்கள். மலிவு விலையில் கிடைக்கும் மட்டமானவை இரும்பு மிருதுவானவை. சில மாதத்தில் தாடை குழிந்து முள் ஆடத் தொடங்கும். வாங்கும்போது 12ஆம் எண் முள்ளைப் பொருத்தி விரலால் அழுத்திப் பாருங்கள், முள் வளைய வேண்டுமே தவிர நகரக் கூடாது. அமெரிக்காவின் லீ வுல்ஃப் வைஸே இல்லாமல் விரலிடுக்கில் பிடித்துக் கட்டியவர் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அது அவருக்கு. நமக்கு வைஸ் இருக்கட்டும். மற்றபடி கூரான சின்னக் கத்தரிக்கோல், மேசை விளக்கு, பின்னால் நிறுத்த ஒரு வெள்ளைத் தாள். வெள்ளைத் தாள் முக்கியம். அது இல்லாவிட்டால் பழுப்பு நூலும் மேசை மரமும் ஒன்றாகிவிடும்.

இனி கட்டுவோம். முள்ளின் வளைவை வைஸில் கவ்வ வைத்துத் தண்டு தரைக்கு இணையாக இருக்கும்படி நிறுத்துங்கள். நரம்பு கோக்கும் காதுக்குப் பின்னால் ஒரு காதளவு இடம் விட்டுக் கம்பியைத் தொடங்குங்கள். வால் பகுதி வரை நெருக்கமாகச் சுற்றிப் போய், மறுபடி காது வரை திரும்பி வாருங்கள். நடுவில் மட்டும் சில சுற்று கூடுதலாக விழட்டும். இப்போது காதுப் பக்கம் கம்பளியின் நுனியை வைத்துக் கம்பியால் மூன்று சுற்று அழுத்திப் பிடித்து, கம்பியை வளைவு வரை கொண்டுபோய் அங்கேயே தொங்க விடுங்கள். அடுத்து கம்பளி. காதிலிருந்து வளைவுக்கு, வளைவிலிருந்து காதுக்கு, மறுபடி வளைவுக்கு என மூன்று அடுக்கு. இரு முனையிலும் கை இறுக்கமாக, நடுவில் சற்றுத் தளர்வாக. வளைவில் தொங்கும் கம்பியால் கம்பளியை நான்கு சுற்று இறுக்கிக் கட்டி, மிச்சக் கம்பளியை ஒட்ட வெட்டி, கம்பியை முன்னும் பின்னும் அசைத்தால் தானே முறியும். முடிச்சு கிடையாது, பசை கிடையாது.

சொல்லும்போது சுலபம். கட்டும்போது கம்பி அறுந்து வரும், அல்லது கம்பளி முள்ளோடு சேர்ந்து உருளும். இரண்டும் இழுவிசைக் கணக்குத்தான். கம்பி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள, வெறும் முள்ளில் சுற்றி வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள். அறும் இடம் கைக்குத் தெரிந்துவிட்டால் அதற்குச் சற்று முன்னால் நிறுத்தலாம். இன்னொரு பொதுக் குறை, காதை மூடிவிடுவது. அழகாக முடித்துவிட்டு நரம்பு கோக்கப் போனால் ஓட்டை இருக்காது. முதலில் விட்ட காதளவு இடம் அதற்காகத்தான்.

பிறகு, ஒரே ஃப்ளையைத் திரும்பத் திரும்பக் கட்டுங்கள். ஒரு தாளில் வரிசையாகக் குத்தி வையுங்கள். அதில் முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் புது மாதிரி கட்டிப் படம் பிடித்துப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு அடிபணிந்தவர்களின் பெட்டியில் ஐம்பது வகை இருக்கும். ஒன்றுகூட ஒழுங்காக நீந்தாது.

சாயரின் கம்பளிக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. அவர் பயன்படுத்தியது சாட்விக் கம்பெனியின் 477ஆம் எண் நூல். சாக்ஸ் தைக்கும் நூலுக்கு யார் மரியாதை கொடுத்தார்கள்? கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நின்ற பிறகு அந்த நூல் அட்டைக்கு வந்த மவுசு! மிச்சமிருந்த அட்டைகளைத் தேடிப்பிடித்துப் பதுக்கினார்கள், ஏலத்தில் எடுத்தார்கள், ஒரிஜினலா போலியா என்று பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்தார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டிய ஒரு காவலரின் ஃப்ளைக்கு, கிடைக்காத நூலைத் தேடி அலைவது அவருக்கே சிரிப்பாக இருந்திருக்கும். ஷெட்லாண்ட் கம்பளியில் ஒத்த நிறம் கண்டுபிடித்துக் கட்டுகிறவர்கள் அதே அளவுக்கு மீன் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சாயரின் ஊரிலேயே வாழ்ந்த ஆலிவர் கைட் என்ற ராணுவ அதிகாரி இன்னும் ஒரு படி போனார். இறகும் இல்லாமல் கம்பளியும் இல்லாமல், வெறும் முள்ளின் மார்புப் பகுதியில் கொஞ்சம் செப்புக் கம்பியை மட்டும் சுற்றி டிரவுட் பிடித்தார். மீனுக்கு முன்னால் வரும்போது அதை மெதுவாக மேலே தூக்கினால், நிம்ஃப் நீர்மட்டத்துக்கு ஏறுகிறது என்று மீன் நம்பிவிடுகிறது. அளவும் அசைவும் சரியாக இருந்தால் மற்றது உபரி. கட்டுகிறவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் மனம் சோர்வார்கள். சோர வேண்டாம், இந்தக் கதையின் மறுகோடிக்கும் போய்ப் பார்ப்போம்.

அந்தக் கோடியில் நிற்பது விக்டோரியா காலத்தில் சாமன் மீனுக்காகக் கட்டிய ஃப்ளை. 1895இல் ஜார்ஜ் கெல்சன் எழுதிய புத்தகத்தில் இருப்பவற்றைப் பார்த்தால் கண் கூசும். 'ஜாக் ஸ்காட்' என்ற ஒரே ஃப்ளைக்குப் பத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் இறகு. தென்னமெரிக்கப் பறவைகள், மக்காவ், பஸ்டர்ட், மயில், இவற்றோடு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர் ஒருவரும் உண்டு. சாம்பல் காட்டுக்கோழிச் சேவல். அதன் கழுத்திறகின் நுனியில் மெழுகுத்துளி சொட்டியது போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். ஃப்ளையின் கன்னத்தில் வைத்தால் கண் மாதிரி தெரியும். அதற்காக நம் காட்டிலிருந்து எத்தனையோ கழுத்துத் தோல்கள் கப்பலேறின. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது; ஃப்ளை கட்டுபவர்களுக்காக ஐரோப்பாவில் அதைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். இந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழும் பறவை. அதன் இறகைக் காட்டில் வேட்டையாடியவர் யாராவது கொண்டுவந்து நீட்டினால் கையால் தொடாதீர்கள்.

இத்தனை இறகும் யாருக்கு? கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சாமன் ஆற்றில் இரை எடுப்பதே இல்லை. பசியில்லாத மீன் ஏன் ஃப்ளையைக் கடிக்கிறது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். நிச்சயமாக மக்காவின் நீலத்தைப் பார்த்து மயங்கி அல்ல. அது முழுக்க மனிதக் கண்ணுக்கான நகை. அந்த நகை ஆசை எதுவரை போகும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு சாட்சி. லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவர், டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து நுழைந்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரித்தவையும் அதில் அடக்கம். திருடியது பழைய சாமன் ஃப்ளைக்கு இறகு வேண்டும் என்பதற்காக. ஆராய்ச்சிக்கு உயிர்நாடியான பெயர்ச் சீட்டுகளைப் பிய்த்து எறிந்துவிட்டு இறகை விற்றார். இதைச் சொன்னபோது என் கோயம்புத்தூர் நண்பர், "இறகுக்கு ஜெயிலுங்களா!" என்று வாய் பிளந்தார். ஜெயில்கூட இல்லை, தண்டனையை நிறுத்தி வைத்தார்கள்.

இதற்காகக் கட்டுவதையே கலையாகக் கொள்வது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மேகன் பாய்ட் என்று ஒரு அம்மாள், ஸ்காட்லாந்தின் வடக்கில் ப்ரோராவுக்குப் பக்கத்தில் மின்சாரம்கூட இல்லாத குடிசையில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க சாமன் ஃப்ளை கட்டினார். சார்லஸ் இளவரசராக இருந்தபோது அவரிடம் வாங்குவார். 1971இல் அரசி பதக்கம் கொடுக்க அழைத்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, லண்டனுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் தன் வாழ்நாளில் மீன் பிடித்ததே இல்லை. கொல்ல மனம் வரவில்லை. கை வேலை ஒன்றே போதும் என்றிருந்த மனிதர். நீங்களும் அப்படி இருக்கலாம். எதற்காகக் கட்டுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சரி. மீனுக்காகக் கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கில் இறகு வாங்குகிறவர்களைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

கில்லர் பக் கை வந்ததும் இரண்டாவதாக இறகுக்குப் போகலாம். 'வூலி பக்கர்' கட்டுங்கள். பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸிங் 1967இல் உருவாக்கியது. பஞ்சு போன்ற வால், செனில் நூலில் உடம்பு, அதன் மேல் கொடி சுற்றுவது போல ஒரு சேவல் இறகு. எந்தப் பூச்சியையும் குறிப்பாக நகல் செய்யவில்லை. அட்டை, தலைப்பிரட்டை, குஞ்சு மீன் எல்லாம்தான். தண்ணீரில் இழுத்து விட்டால் வால் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். இதற்கு வேண்டிய சரக்கு எல்லாம் உள்ளூரிலேயே இருக்கிறது. செனிலும் ஜரிகையும் ஆரி வேலைக்குச் சாமான் விற்கும் கடையில். சேவல் இறகு நாட்டுக்கோழிக் கடையில். பிராய்லரின் இறகு உதவாது. வளரும் முன்பே அறுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நம் நாட்டுச் சேவல் கழுத்துத்தான் மூட்டை மூட்டையாகப் போனது, 'இந்தியன் கேப்' என்றே அதற்குப் பெயர். வாலுக்குப் பெட்டைக் கோழியின் அடிவயிற்று மென்தூவி.

சேவல் இறகும் பெட்டை இறகும் ஒன்றல்ல. சேவலின் கழுத்திறகு விறைப்பானது. இழைகளை விரித்துக் கட்டினால் நீர்ப்பரப்பின் இழுவிசையில் கால் ஊன்றி மிதக்கும். பெட்டையினுடையது மெத்தென்று தண்ணீர் குடித்து மூழ்கி அசையும். ஆகவே மிதக்கும் ஃப்ளைக்குச் சேவல், மூழ்குவதற்குப் பெட்டை. வூலி பக்கருக்குச் சேவலிலேயே மிருதுவானது போதும்.

கடையிலிருந்து வந்த இறகில் பேன் இருக்கும். ஷாம்பு போட்டுக் கழுவி நிழலில் நன்றாகக் காயவைத்து, ஜிப் கவரில் மூடிச் சில நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிறகு அந்துருண்டை போட்டு எடுத்து வைக்கலாம். நூலால் கட்டிய ஃப்ளையின் தலை அவிழாமலிருக்க நிறமில்லாத நகப் பாலிஷ் ஒரு சொட்டு. முடிச்சுப் போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் முன்பகுதி போதும். அதில் நூலை ஒரு வளையமாகச் சுற்றி, முள்ளின் காது மேல் குழாயை வைத்து வளையத்தை வழுக்கி விட்டால் அரை முடிச்சு விழும். மூன்று முறை செய்தால் அசையாது. மயில் பீலியின் பச்சை இழையும் அருமையான உடம்பு தரும். பழனியில் வாங்கிய பீலி வீட்டில் இருந்தால் அதில் இரண்டு இழை உருவிக்கொள்ளலாம். தானாக உதிர்ந்த பீலியை உள்நாட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வெளிநாட்டு நண்பருக்கு ஃப்ளை அனுப்பும்போது அதில் மயில் இழை இருக்கக் கூடாது, ஏற்றுமதிக்குத் தடை.

"சரிங்ணா, எங்கே போய் போடறது?" என்றார் நண்பர், இரண்டாவது டீக்குச் சொல்லிவிட்டு.

டிரவுட் வேண்டுமென்றால் நீலகிரிதான். 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் கொண்டுவர முயன்று முடியாமல் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து ரெயின்போ டிரவுட்டை நிலைக்க வைத்தார். பொரிப்பகம் இப்போது மீன்வளத்துறையிடம் இருக்கிறது. அங்கே உரிமம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. பல ஓடைகள் காப்புக் காட்டுக்குள் ஓடுவதால் வனத்துறையையும் கேட்க வேண்டும்.

ஆனால் தொடங்குகிறவருக்கு டிரவுட் எதற்கு? 1952இல் இந்தியாவுக்கு வந்து இன்று எந்தக் குளத்தையும் விட்டுவைக்காத ஜிலேபி இருக்கிறது. ஃப்ளைக் கம்புகூட வேண்டாம். உங்கள் பழைய கம்பில் தக்கைக்குக் கீழே ஒரு முழம் நரம்பு விட்டுக் கில்லர் பக்கைக் கட்டுங்கள். பாசி ஓரமாக விழ வைத்து, மூழ்க விட்டு, ஒரு சாண் இழுத்து நிறுத்துங்கள். மறுபடி ஒரு சாண். மண்புழுவை விழுங்குவது போல இதை ஜிலேபி விழுங்காது. வாயில் வாங்கி, சுவையில்லை என்று உடனே துப்பிவிடும். தக்கை முங்கும் வரை காத்திருந்தால் ஏமாந்தீர்கள். லேசாக நடுங்கினாலே, அல்லது ஓடவேண்டிய இடத்தில் நின்றாலே, மணிக்கட்டைத் தூக்கிவிட வேண்டும். குளம் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரை முதலில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதை வைத்துப் பிடிக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்டால் காட்டுங்கள். சிரித்துவிட்டு அனுமதி கொடுத்துவிடுவார்.